விசிட் விசாவில் போய் வேலை செய்தவருக்குச் சம்பளம் கேட்கும் உரிமை உண்டா?

கேள்வி
பதிவிட்டவர்: உவர்மலை ரீச்சர்

வணக்கம். எனது தம்பி சீனக்குடாப் பக்கத்தில் ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். துபாயில் அதே வேலை இருப்பதாகவும், விசிட் விசாவில் உடனே புறப்படலாம் என்றும், போய் இறங்கிய பிறகு கம்பனியே அதை வேலை விசாவாக மாற்றித் தரும் என்றும் ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். ஆறு இலட்சம் ரூபாய் கேட்கிறார். பாதியை இந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, "இது நம்பிக்கையில் நடக்கிற காரியம், ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விசா மாறும் வரை முதல் இரண்டு மூன்று மாதம் எல்லோரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள், அங்கே யாரும் விசாரிப்பதில்லை என்பது அவருடைய வாதம்.

நான் தயங்குகிறேன், தம்பி தயங்கவில்லை. எங்கள் பெரியம்மாவின் மகன் பாரிஸில் புகலிடக் கோரிக்கை முடிவாகாத நிலையில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறான். காட் (வதிவிட அனுமதி அட்டை) இல்லாவிட்டாலும் செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கும் உரிமை தனக்குச் சட்டப்படி இருக்கிறது என்று அவன் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுத்தான் தம்பிக்கு இந்தத் துணிவு வந்திருக்கிறது. பாரிஸில் இருக்கிற உரிமை துபாயில் இல்லாமலா போய்விடும் என்று கேட்கிறான்.

என் சந்தேகங்கள் இவை. தொழில் அனுமதி எதுவும் இல்லாமலே வேற்று நாட்டில் வேலை செய்யலாம் என்ற உரிமை உலகத்தில் யாருக்காவது இருக்கிறதா, இருந்தால் அது எங்களைப் போன்ற இலங்கையருக்கும் பொருந்துமா? அனுமதி இல்லாமல் வேலை செய்த ஒருவருக்கு முதலாளி சம்பளம் தராமல் விட்டால், "நீ சட்டவிரோதமாக நின்றவன், உனக்கு ஒன்றும் கிடையாது" என்று சட்டமும் சேர்ந்து கையை விரித்துவிடுமா? விபரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் வீட்டில் காட்டி விளங்கப்படுத்துவேன்.


பதில் 1
பதிவிட்டவர்: கிண்ணியா கணக்கர்

ரீச்சர், நான் வளைகுடாவில் கம்பனிகளின் சம்பளக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். சட்டத்தரணி அல்லன், காகிதங்கள் எப்படி நகர்கின்றன என்பது மட்டும் தெரியும்.

தரகர் சொன்னது முழுப் பொய் அல்ல என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் விசிட் விசாவில் உள்ளே இருப்பவர் நாட்டைவிட்டு வெளியேறாமலே வேலை விசாவுக்கு மாறுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் முதலாளி. அவர் தொழில் அமைச்சில் வேலை வாய்ப்புக் கடிதத்தைப் பதிந்து, தொழில் அனுமதியை எடுத்து, மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, வதிவிட விசா என்று ஒவ்வொன்றாகப் பணம் கட்டி முடிக்க வேண்டும். ஆளை இலவசமாகப் பரிசோதித்துப் பார்க்கும் காலம் போல அந்த மாதங்களை நடத்திவிட்டு, விசா முடியும் தறுவாயில் "இப்போது இடமில்லை" என்று கைகழுவினால், அங்கே உங்கள் தம்பி வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழில் சட்டப்படி, அமைச்சின் அனுமதி இல்லாமல் அமீரகத்தில் வேலை செய்யவும் கூடாது, ஒருவரை வேலைக்கு வைத்திருக்கவும் கூடாது. 2024இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும், ஆளை வரவழைத்துவிட்டு வேலை கொடுக்காத முதலாளிக்கும் ஓர் இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை தண்டம் விதிக்கலாம் என்று ஆக்கினார்கள். "யாரும் விசாரிப்பதில்லை" என்ற காலம் அது வரைக்கும்தான். முதலாளிக்குத் தண்டம் விழும் என்பது தம்பிக்குப் பாதுகாப்பு என்று எண்ணிவிடவும் வேண்டாம். பரிசோதகர்கள் வருகிறார்கள் என்றால் பின்கதவால் முதலில் வெளியே அனுப்பப்படுகிறவர் பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்தான்.

சம்பளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009 முதல் அங்கே சம்பளப் பாதுகாப்பு முறைமை என்று ஒன்று நடைமுறையில் உள்ளது. பதிவுபெற்ற தொழிலாளி ஒவ்வொருவரின் சம்பளமும் வங்கி அல்லது அனுமதி பெற்ற நாணய மாற்று நிறுவனம் ஊடாகப் போக வேண்டும். எந்த மாதம் யாருக்கு எவ்வளவு போனது, யாருக்குப் போகவில்லை என்பது அமைச்சின் திரையில் தெரியும். நான் தயாரித்த கோப்பில் ஒருவரின் தொழில் அட்டை இலக்கம் இல்லாவிட்டால் அவருடைய பதிவையே முறைமை ஏற்காது. விசிட் விசாவில் நின்றவர்களுக்கு மேற்பார்வையாளர் கடித உறையில் காசு கொடுப்பார். கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. அமைச்சில் முறையிடப் போனால் முதலில் கேட்பதும் அந்த இலக்கத்தைத்தான். விசா முடிந்த பிறகு நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் தண்டம் ஏறுவது வேறு கதை.

அந்த ஆறு இலட்சத்தையும் விட்டுவிடாதீர்கள். அதே தொழில் சட்டம், ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ அறவிடக் கூடாது என்று சொல்கிறது. கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைப்பதும் தடை. முறையான கம்பனி இவ்வளவு பணத்தை ஒரு தரகர் கையில் வாங்க விடாது.


பதில் 2
பதிவிட்டவர்: நீதிமன்ற வீதி

ஆசிரியை அவர்களின் கேள்வியில் இரண்டு உரிமைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன; அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பாரிஸில் இருப்பவர் சொல்வதும் துபாய்த் தரகர் சொல்வதும் எங்கே வேறுபடுகின்றன என்பது விளங்கும். ஒன்று, வேலை செய்வதற்கான உரிமை. மற்றது, செய்து முடித்த வேலைக்கு ஊதியம் பெறும் உரிமை. முதலாவது இல்லாதவருக்கும் இரண்டாவது இருக்கலாம். ஆனால் இரண்டாவது இருக்கிறது என்பதற்காக முதலாவது வந்துவிடாது.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். அனுமதிப்பத்திரம் இன்றி வேற்று நாட்டில் வேலை செய்யலாம் என்பது பெரும்பாலும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களால் வருவது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் வேலை செய்யலாம். அவர்களோடு வேறொரு உறுப்பு நாட்டில் குடியேறும் வாழ்க்கைத் துணை இலங்கையராக இருந்தாலும் 2004ஆம் ஆண்டின் பணிப்புரைப்படி அந்த உரிமை அவருக்கும் உண்டு. நேபாளிகள் இந்தியாவில் வேலை செய்வது 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயன். அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் ஒருவர் நாட்டில் மற்றவர் அவ்வாறே வேலை செய்கிறார்கள். வட துருவத்தை அண்டிய ஸ்வால்பார்டில் மட்டும் எந்த நாட்டவருக்கும் தொழில் அனுமதி தேவையில்லை, ஆனால் அங்கே தங்கித் தன்னைத் தானே பராமரிக்க வசதி இருக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் வளர்ந்தவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் கையில் உள்ளவருக்கு அமீரகத்தில் இத்தகைய உரிமை எதுவும் இல்லை.

இரண்டாவதுதான் விரிவாகப் பேச வேண்டியது. புலம்பெயர் தொழிலாளர் அனைவரினதும் அவர்தம் குடும்பத்தினரதும் உரிமைகளைப் பாதுகாக்கும் சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 1990 டிசம்பர் 18இல் ஏற்றது. 2003 ஜூலை 1இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் 1996இலேயே இணைந்துவிட்டது. அதன் 25ஆம் உறுப்புரை, தொழிலாளியின் தங்கும் நிலையோ வேலை நிலையோ ஒழுங்கற்றது என்பதைக் காரணம் காட்டி ஊதியம் முதலிய விடயங்களில் அவருக்குரிய சமத்துவத்தைப் பறிக்கக் கூடாது என்றும், முதலாளியின் கடப்பாடு அதனால் குறையாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. படிக்க மிக நன்றாக இருக்கிறது. ஆயினும் இச்சமவாயத்தில் இணைந்தவை பெரும்பாலும் ஆட்களை அனுப்பும் நாடுகள். அமீரகமோ சவூதியோ கட்டாரோ பிரான்சோ பிரித்தானியாவோ அதில் இல்லை. உங்கள் தம்பி துபாயில் நின்றுகொண்டு இந்த 25ஆம் உறுப்புரையை எடுத்துக் காட்ட முடியாது.

ஆகவே எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டத்தில்தான் தங்கியிருக்கிறது. அதுவோ நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் பணிப்புரை, அனுமதியின்றி வேலைக்கு வைக்கப்பட்டவருக்கு நிலுவைச் சம்பளத்தை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. எவ்வளவு காலம் வேலை செய்தார் என்பதில் தகராறு வந்தால் குறைந்தது மூன்று மாதம் என்று கொள்ள வேண்டும், இல்லையென்று நிறுவுவது மற்றப் பக்கத்தின் பொறுப்பு. டென்மார்க்கையும் அயர்லாந்தையும் அது கட்டுப்படுத்தாது. அமெரிக்காவில் 2002இல் ஹொஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிற்சங்க நடவடிக்கைக்காகச் சட்டவிரோதமாக நீக்கப்பட்ட அனுமதியற்ற தொழிலாளிக்கு வேலை செய்யாத காலத்துக்கான சம்பளத்தைக் கொடுக்க உத்தரவிட முடியாது என்றது; ஆனால் உண்மையில் செய்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலியை அவர் இன்றும் கோரலாம்.

பிரித்தானியாவின் கதை இன்னும் கடுமையானது. நைஜீரியாவிலிருந்து பொய்யான அடையாளத்தில் அழைத்து வரப்பட்டு ஒரு வீட்டில் சம்பளமின்றி வேலை செய்த ஹௌங்கா என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், ஒப்பந்தமே சட்டவிரோதம் என்பதால் சம்பளக் கோரிக்கை கீழ்மன்றங்களிலேயே தோற்றுப்போனது; பாகுபாடு காட்டி வெளியேற்றியமைக்கான கோரிக்கையை மட்டும் 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அனுமதியின்றி வேலை செய்வதையே குற்றமாக்கி, அப்படி ஈட்டிய பணத்தைக் குற்றத்தின் வருமானமாகக் கருதிப் பறிமுதல் செய்யவும் இடம் வைத்தது. சம்பளம் கேட்கப் போனவர், வாங்கிய சம்பளத்தையும் இழக்கக்கூடிய நாடு அது.

மலேசியாவில் அனுமதியின்றி ஆளை வைத்திருக்கும் முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் றிங்கிட் வரை தண்டம் அல்லது ஒரு வருடம் வரை சிறை என்று குடிவரவுச் சட்டத்தின் 55பி பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தில் முறையான அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தவருக்குப் பிரம்படிக்கும் இடமுண்டு. பிடிபடும் இருவரில் முதுகைக் காட்ட வேண்டியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.


பதில் 3
பதிவிட்டவர்: மூதூரான், பாரிஸ்

அக்கா, உங்கள் பெரியம்மாவின் மகன் சொன்னது சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. நானும் காட் இல்லாமல் உணவகத்தில் பாத்திரம் கழுவியவன் என்பதால் எழுதுகிறேன்.

பிரான்சின் தொழில் சட்டக்கோவைப்படி, அனுமதியின்றி வேலைக்கு வைக்கப்பட்ட வெளிநாட்டவருக்கு அவர் வேலை செய்த காலத்தின் முழுச் சம்பளமும் உரியது. வேலையை விட்டு நிறுத்தினால் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான இழப்பீடும் உண்டு. இதைக் கேட்க ப்ரூதோம் என்ற தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே காட் கேட்டு வாசலில் நிறுத்த மாட்டார்கள். நான் முதலில் நின்ற இடத்தில் முதலாளி கடைசி நான்கு மாதச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தார். என்னிடம் ஒப்பந்தம் இல்லை. வேலை நேரத்தை அவர் ஒவ்வொரு ஞாயிறும் கைத்தொலைபேசிக்கு எழுதி அனுப்பிய செய்திகள் இருந்தன. மீன் இறக்கும்போது நான் கையெழுத்துப் போட்ட விநியோகச் சீட்டுகளின் படங்கள் இருந்தன. தொழிற்சங்கத்தில் ஒருவர் அவற்றைத் திகதி வாரியாக அடுக்கித் தந்தார். நீதிமன்றத்துக்குப் போகும் முன்னரே முதலாளி பெரும்பகுதியைத் தந்து முடித்துக்கொண்டார். மற்றச் சமையலறைப் பெடியளுக்கு அந்தச் செய்திகளை அழித்துவிடும் பழக்கம். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

புகலிடம் கோரியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. புகலிடக் கோரிக்கைகளை முடிவுசெய்யும் அலுவலகமான ஒஃப்ரா ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால், முதலாளி ஊடாகத் தொழில் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் உறவினர் அதைச் செய்தாரா என்று கேளுங்கள். செய்திருந்தால் அவர் அனுமதி இல்லாதவரே அல்லர், தம்பிக்கு உதாரணமும் ஆக மாட்டார். ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்களில் மூன்று வருடம் நாட்டில் இருந்து, கடைசி இரண்டு வருடத்தில் பன்னிரண்டு மாதம் வேலை செய்தவருக்குக் காட் கொடுக்கலாம் என்று 2024 ஜனவரியில் வந்த சட்டத்தைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். புகலிடக் கோரிக்கைச் சான்றிதழில் நின்ற காலத்தில் செய்த வேலை அந்தப் பன்னிரண்டு மாதத்தில் கணக்கில் வராது என்பதை யாரும் சொல்வதில்லை.

இவ்வளவும் இங்கே கிடைப்பதற்குக் காரணம் சட்டம் மட்டும் அல்ல. காட் இல்லாத தொழிலாளர் 2008 முதல் உணவகங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள், செஜெதே போன்ற தொழிற்சங்கங்கள் அவர்கள் பக்கத்தில் நின்றன. துபாயில் தொழிற்சங்கமும் இல்லை, வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் இல்லை. பாரிஸை வைத்துத் துபாய்க்குக் கணக்குப் போட வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லுங்கள்.


பதில் 4
பதிவிட்டவர்: நிலாவெளி விடுதி

ஒரு சிறு குறிப்பு. வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் எங்கும் எந்தத் தடையும் இல்லை என்று தம்பி நினைக்கக்கூடும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சுற்றுலா விசாவில் வந்து, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஈடாக விடுதி வரவேற்பில் நிற்பவர்களையும் சுழியோடக் கற்பிப்பவர்களையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் குடிவரவுச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வருகை விசாவில் சம்பளத்துடனோ சம்பளமின்றியோ வேலை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. காசு கைமாறவில்லை என்பது விடையாகாது. பருவகாலத்தில் என்னிடமும் அப்படிக் கேட்டு வருவார்கள். நான் மறுத்தால் அடுத்த விடுதியில் நிற்பார்கள். அது வேறு விடயம்.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
பதிவிட்டவர்: உவர்மலை ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். தம்பி இப்போது, தான் வேலைக்காகப் போகவில்லை, நேர்முகத் தேர்வுக்காக மட்டும் விசிட் விசாவில் போவதாகவும், பிடித்தால் அங்கிருந்தே மாறுவதாகவும் சொல்கிறான். தரகரும் அதற்குத் தலையாட்டுகிறார். நேர்முகத் தேர்வுக்குப் போவதில் தவறு உண்டா?


பதில் 5
பதிவிட்டவர்: கிண்ணியா கணக்கர்

நேர்முகத் தேர்வு வேலை அல்ல, அதில் தவறில்லை. வேலை தேடுவதற்கென்றே அமீரகம் 60, 90, 120 நாள் விசாக்களை 2022இல் கொண்டுவந்தது, ஆனால் அது பட்டதாரிகளையும் உயர் திறன் நிலைகளில் உள்ளவர்களையும் எண்ணி ஆக்கப்பட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு நேர்முகத் தேர்வு என்றால், "இன்று ஒரு நாள் ஓட்டிக் காட்டு" என்பார்கள். மறுநாளும் ஓட்டச் சொல்வார்கள். ஓட்டிக் காட்டத் தொடங்கிய நேரத்திலிருந்து அது அனுமதியற்ற வேலைதான். அந்த இயந்திரத்தில் விபத்து நடந்தால் காப்புறுதி எங்கே இருந்து வரும் என்றும் தம்பியிடம் கேளுங்கள்.

உண்மையில் ஆள் தேவையான கம்பனி என்றால் இங்கிருந்தே வேலை வாய்ப்புக் கடிதம் அனுப்ப முடியும். அமைச்சின் ஊடாக வரும் கடிதத்தில் ஒரு பரிவர்த்தனை இலக்கம் இருக்கும்; அமைச்சின் இணையத்தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் கம்பனியின் பெயரும் சம்பளமும் வர வேண்டும். அறபுடனும் ஆங்கிலத்துடனும் தொழிலாளிக்கு விளங்கும் மூன்றாவது மொழியிலும் அந்தக் கடிதம் கிடைக்கும், தமிழும் அதில் உண்டு. தரகர் காட்டும் புகைப்படத்தை நம்ப வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடப் படி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணிக்கப்படும். மொத்தத்தைப் பெரிதாகக் காட்டி அடிப்படையைக் குறைத்து வைப்பது அங்கே வழக்கம்.

தரகரிடம் உரிமம் உள்ள முகவர் நிலையத்தின் பெயரைக் கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாமல் ஆட்சேர்ப்புத் தொழில் நடத்துவது குற்றம். உரிமம் உள்ள நிலையங்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குரிய அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். புறப்படும் முன் பணியகத்தில் பதிந்தால் காப்புறுதி உண்டு. 2022இல் பெண்கள் பலர் விசிட் விசாவில் துபாய் வழியாக ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட விவகாரம் வெளிவந்தபோது, அவர்களைத் தேடுவதற்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பது செய்திகளில் வந்தது.


பதில் 6
பதிவிட்டவர்: நீதிமன்ற வீதி

கணக்கர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பணத்தில் ஒரு சதமும் கைக்காசாகக் கொடுக்க வேண்டாம். கொடுத்தே தீர வேண்டுமென்று வீட்டில் முடிவானால் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, எதற்காக என்று குறிப்பில் எழுதுங்கள். தரகர் அனுப்பும் குரல் செய்திகளை அழிக்காதீர்கள். பின்னர் பணியகத்திலோ பொலிஸிலோ முறையிட நேர்ந்தால், "நம்பிக்கையில் நடந்த காரியம்" என்பதை யாரும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். வங்கி வழியாகப் பணம் வாங்க மறுக்கும் தரகர் என்றால், கடிதத்தின் இலக்கத்தைச் சரிபார்க்கும் வேலையும் மிச்சம்.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
பதிவிட்டவர்: உவர்மலை ரீச்சர்

இலக்கத்தைக் கேட்டுவிட்டேன். கடிதம் அடுத்த வாரம் வரும் என்கிறார். முகவர் நிலையத்தின் பெயரைக் கேட்டபோது, கொழும்பில் உள்ள ஒரு நிலையத்தின் பெயரைச் சொன்னார். நாளை பிரதேச செயலகத்தில் அந்தப் பெயரைக் கொடுத்து விசாரிக்கிறேன். பணம் இன்னும் கொடுக்கவில்லை.